நுங்கம்பாக்கத்தில் வேலை, 15,000 பட்ஜெட்: சிட்டிக்குள்ளேயே வீடு பார்க்கலாமா?

பாளை_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன். ஆபீஸ் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோடு பக்கம். பிடித்தம் போகக் கைக்கு வருவது 46,000. கல்யாணம் ஆகவில்லை. பைக் உண்டு, கார் இல்லை.

காலேஜ் நண்பர்கள் நாலு பேர் சோழிங்கநல்லூரில் பெரிய அபார்ட்மென்ட்டில் இருக்கிறார்கள். ஒரு ரூம் காலி, உன் பங்கு 9,000 என்று கூப்பிடுகிறார்கள். நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கிறதாம். ஆனால் அங்கிருந்து என் ஆபீஸ் இருபது கிலோமீட்டருக்கு மேல். தினமும் அந்த ரோட்டில் பைக்கில் போய்வர எனக்குத் தெம்பு இல்லை. நடந்தோ, ஓரிரு ஸ்டேஷன் ரயிலிலோ போகும் தூரத்தில் தனியாக ஒரு சின்ன வீடு கிடைத்தால் போதும். 15,000 வரை தரலாம். எந்த ஏரியா தேடலாம், அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_ரவி

தம்பி, நேராகவே சொல்கிறேன். 15,000-க்கு நுங்கம்பாக்கத்தில் வீடு கிடைக்காது, வீட்டுக்கு வாசல் வேண்டுமானால் கிடைக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், பைக் நிறுத்தத் தெருவோரம், மாடியில் துணி காயப்போட ஓனரிடம் அனுமதி. இங்கே ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், அதே காசுக்கு லிஃப்ட், ஜெனரேட்டர், வாட்ச்மேன் எல்லாம் வரும். நான் ஐந்து வருடமாக நாவலூரில்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

மாம்பலம்_சேகர்

ரவி சார், உங்கள் ஆபீஸ் தரமணியில் என்று இன்னொரு இழையில் படித்த ஞாபகம். உங்களுக்கு நாவலூர் சரி. அவருக்கு ஸ்டெர்லிங் ரோடு. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஓஎம்ஆரைக் கொத்திப் போட்டிருக்கிற நிலையில் சோழிங்கநல்லூரிலிருந்து தினமும் வரச் சொல்வது பாவம்.

கார்த்தி, நுங்கம்பாக்கம் என்ற பெயரை மறந்துவிட்டுத் தேடுங்கள். காதர் நவாஸ் கான் ரோடு பக்கமெல்லாம் நமக்கானது இல்லை. பீச் - தாம்பரம் மின்சார ரயில் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, இந்த ஐந்து ஸ்டேஷன்தான் உங்கள் உலகம். குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய், மாத சீசன் எடுத்தால் அதுவும் மிச்சம். தண்டவாளத்துக்குக் கிழக்கே வாடகை ஒரு மாதிரி, மேற்கே இறங்கினால் வேறு மாதிரி. நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் கிழக்கே ஸ்டெர்லிங் ரோடு, மேற்கே சூளைமேடு. மாம்பலத்தில் கிழக்கே தி.நகர், மேற்கே எங்கள் மேற்கு மாம்பலம். பாலம் ஏறி இறங்கும் தூரம்தான், வாடகையில் சில ஆயிரம் வித்தியாசம் வரும்.

ஏரியாவாரியாக என் கணக்கு, தெருவுக்குத் தெரு மாறும்:

சூளைமேடு: ஆபீஸுக்கு நடந்தே போகலாம். சிங்கிள் பெட்ரூம் 11,000 முதல் பார்க்கலாம். சந்து சந்தாக இருக்கும். மழைக்காலத்தில் சூளைமேடு நெடுஞ்சாலையில் தண்ணீர் நிற்கும், மாடி வீடாகப் பாருங்கள்.

மேற்கு மாம்பலம்: என் ஊர் என்பதால் சொல்லவில்லை. காய்கறி, மளிகை, மெஸ், மருந்துக்கடை எல்லாம் காலடியில். அயோத்தியா மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய பிளாட்டுகள் நிறைய. மழை பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் மூடிவிடுவார்கள், அன்றைக்கு தி.நகர் பக்கம் போக நினைக்காதீர்கள். ரயில் இருப்பதால் உங்களுக்குப் பாதிப்பு குறைவு. தீபாவளிக்கு முன்பு மட்டும் ரங்கநாதன் தெருப் பக்கம் ஸ்டேஷனை விட்டு இறங்கவே முடியாது. 2023-ல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம்.

சைதாப்பேட்டை: மின்சார ரயிலும் மெட்ரோவும் இரண்டும் உண்டு, வாடகை இன்னும் இறங்கும். ஆனால் அடையாற்றங்கரையை ஒட்டிய தெருக்கள் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே என்ன நடந்தது என்பதை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

திருவல்லிக்கேணி: மேன்ஷன்களின், அதாவது பேச்சுலர்கள் மாத வாடகைக்குத் தங்கும் லாட்ஜ்களின் தலைநகரம். முதலில் ஒரு மாதம் மேன்ஷனில் ரூம் போட்டுக்கொண்டு, நிதானமாக வீடு தேடுவது நல்ல யோசனை. ஊரில் இருந்துகொண்டே போட்டோ பார்த்து டோக்கன் அட்வான்ஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

ஆப்களில் வருவதில் பாதி புரோக்கர் போட்டது. ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார்கள். நல்ல வீடுகள், அதாவது வயதான தம்பதி கீழே இருந்துகொண்டு மாடிப் போர்ஷனை விடுவது மாதிரியானவை, ஆப்புக்கே வராது. கேட்டில் ஒரு டூ-லெட் அட்டை தொங்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து தேடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரையும் பால் பூத்காரரையும் கேளுங்கள், எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நித்யா_ராயப்பேட்டை

சேகர் சார் சொன்னதில் ஏரியா விவரமெல்லாம் சரி. ஆனால் அட்டை தொங்குகிறது என்பதாலேயே உள்ளே விடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. நானும் திருச்சியிலிருந்து வந்து அண்ணா சாலையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வீடு தேடியபோது வாடகையைப் பற்றிப் பேசும் முன் கேட்ட கேள்விகள்: கல்யாணம் ஆகிவிட்டதா, அப்பா அம்மா கூட இருப்பார்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், வெஜ்ஜா நான்வெஜ்ஜா. கடைசிக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன் என்று சொன்ன இடத்தில் "அது சரிம்மா, நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே வந்தது. கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். முஸ்லிம் தோழி ஒருத்திக்கு போனில் பெயரைச் சொன்னதுமே வீடு "இப்போதுதான் முடிந்துவிட்டது" ஆகிவிடும்.

அதனால் கார்த்தி, போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். பேச்சுலருக்கு விடுவீர்களா, நண்பர்கள், வீட்டார் வந்து தங்கலாமா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள். வெயிலில் நாலு மாடி ஏறிப் போய் இல்லை என்று கேட்பதைவிட இது மேல்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு: முதலில் விடுதியில் சேர்வதானால் அது பதிவு செய்ததா என்று கேளுங்கள். 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொன்னால் தப்பில்லை. அரசின் தோழி விடுதிகள் நன்றாக இருக்கின்றன, நான் போய்ப் பார்த்தவை தாம்பரமும் கூடுவாஞ்சேரியும், நடு ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தூரம். நான் இப்போது இருப்பது ராயப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடி. 16,000. இன்னொரு பெண்ணோடு பங்கு. வேலை முடிய ஒன்பதரை ஆனாலும் பத்து நிமிடத்தில் வீடு, தெருவில் கடைகள் திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். நான் சிட்டி வாடகை கொடுப்பது அதற்காகத்தான். நீச்சல் குளமெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஓஎம்ஆர்_ரவி

இந்தக் கேள்வியெல்லாம் எங்கள் பக்கம் குறைவு மேடம். முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். வாடகை வந்தால் சரி, நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்று யாரும் மோப்பம் பிடிப்பதில்லை.

நித்யா_ராயப்பேட்டை

அது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் "பேச்சுலர்களுக்கு வீடு விடக்கூடாது" என்று தீர்மானம் போடுகிறவர்கள் உங்கள் பக்கமும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கீழ்ப்பாக்கம்_தாத்தா

நான் வீட்டுக்காரர் கட்சி. எல்லோரும் சேர்ந்து அடிக்கும் முன் ஒரு வார்த்தை.

ரிட்டயர் ஆகி, மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். பென்ஷனோடு அந்த வாடகை சேர்ந்தால்தான் எங்கள் இருவருக்கும் மருந்து மாத்திரை. அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, அது 2022-ல் ஏறியது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரி தனி. ஒரு பையன் மூன்று மாத வாடகையும் இபி பில்லும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனான். கதவைத் திறந்து பார்த்தால் பாத்ரூம் கதவு பாதி இல்லை. அட்வான்ஸ் இருந்ததால் தப்பித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தை பாங்கில் பூட்டி வைத்திருப்பதாக நினைக்காதீர்கள். பெண் கல்யாணத்துக்கோ, மொட்டை மாடியில் தட்டு ஓடு போடவோ எப்போதோ செலவாகியிருக்கும். அடுத்து வருகிறவர் தருவதை வாங்கித்தான் காலி செய்கிறவருக்குக் கொடுப்பார்கள். "புது ஆள் வந்ததும் தருகிறேன்" என்று இழுப்பதற்குக் காரணம் அதுதான். அது சரி என்று சொல்லவில்லை, நடப்பது அது. ஆகவே தம்பி, வாடகையில் ஐந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதே. அட்வான்ஸைக் குறைக்கச் சொல். நான் ஐந்து மாதம்தான் வாங்குகிறேன்.

பாலா_வழக்கறிஞர்

ஐயா மனம் திறந்து சொன்னதற்கு நன்றி. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன்.

1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் "வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்று ஒரு வாசகம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது உடன்பாடு. அவ்வளவுதான் விஷயம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தால் தண்ணீர், கரண்ட்டை நிறுத்தக்கூடாது. வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். ஊரெல்லாம் 11 மாத ஸ்டாம்ப் பேப்பர் பழக்கம்தான். பதிவு என்றாலே ஓனர் முகம் மாறும். பரவாயில்லை, கேட்டுப் பாருங்கள். குறைந்தது ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: அட்வான்ஸ் தொகை, அது வங்கி வழியாகப் போன விவரம், காலி செய்ய இருதரப்பும் எத்தனை மாதம் முன்பு சொல்வது, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவது. முக்கியமாக பெயின்டிங். காலி செய்யும்போது "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை" என்று பிடிப்பது சென்னை வழக்கம். மூன்று வருடம் இருந்தாலும் பிடிப்பார்கள், மூன்று மாதம் இருந்தாலும் பிடிப்பார்கள். முன்பே பேசி எழுதிவிடுங்கள்.

ஆடிட்டர்_ஜெயா

ஒரு சின்ன இடைச்செருகல். சம்பளத்தில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) இருந்தால், சென்னை பெருநகரக் கணக்கில் வருவதால் வரிவிலக்குக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வரம்பு. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தச் சலுகை. கார்த்தியின் சம்பளத்துக்குப் புதிய முறையே லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம், கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய முறை என்றால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். வீடு பேசும்போதே கேட்டுவிடுங்கள், மார்ச் மாதம் போய் நின்றால் தரமாட்டார்கள்.

பாளை_கார்த்தி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. சேகர் அண்ணன் சொன்னபடி திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ரூம் போட்டுவிட்டேன். ஞாயிறன்று நடந்து தேடினேன். கடைசியில் இரண்டு வீடு நிற்கிறது.

முதல் வீடு சூளைமேடு. தரைத்தளம், சிங்கிள் பெட்ரூம், 13,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். ஆபீஸ் நடந்து பதினைந்து நிமிடம். இபிக்கு வீட்டுக்காரர் இணைப்பிலிருந்தே சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். பைக் உள்ளேயே நிறுத்தலாம். புதிதாக வெள்ளையடித்து, ஹாலில் சுவரின் கீழ்ப்பாதிக்கு டைல்ஸ் ஒட்டிப் பளபளவென்று இருக்கிறது.

இரண்டாவது மேற்கு மாம்பலம். பழைய பிளாட், இரண்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். லிஃப்ட் இல்லை. 14,500, மெயின்டனன்ஸ் 800 தனி. அட்வான்ஸ் ஆறு மாதம். தனி இபி கனெக்‌ஷன். சுவரெல்லாம் மங்கல். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாதாம், வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாமாம். பார்த்ததும் பிடித்தது முதல் வீடுதான். உங்கள் கருத்து?

மாம்பலம்_சேகர்

அந்த டைல்ஸ்தான் இடிக்கிறது. கிச்சனிலும் பாத்ரூமிலும் சுவரில் டைல்ஸ் ஒட்டுவார்கள், ஹாலில் எதற்கு? ஈரம் ஏறிச் சுவர் பொரிந்து உதிரும் இடத்தில் பெயின்ட் நிற்காது, அதனால்தான் டைல்ஸை ஒட்டி மறைப்பார்கள். போய் மூன்று விஷயம் பாருங்கள். மீட்டர் பாக்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறது, தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் அது சும்மா இல்லை. வாசல்படி தெருவைவிட உயரமா தாழ்வா. மரக்கதவின் அடிப்பாகத்தைக் கையால் தடவுங்கள், உப்பியிருக்கும். அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் "2023 டிசம்பர்ல இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். வந்துச்சா என்று கேட்காதீர்கள். எவ்வளவு என்று கேட்டால் உண்மை வரும்.

நித்யா_ராயப்பேட்டை

சப் மீட்டரையும் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீட்டு இணைப்புக்கு இலவசம். தனி கனெக்‌ஷன் என்றால் அது உங்களுக்கு. சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரருக்கு. உங்களைப் போல் தனியாள் ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் ஓட்டினால் தனி கனெக்‌ஷனில் பில் ரொம்பக் குறைவாகத்தான் வரும். அதே யூனிட்டுக்கு இங்கே 9 ரூபாய் வீதம் கொடுக்கப் போகிறீர்கள். 1,500 குறைவு என்று நினைக்கிற வாடகையில் ஒரு பகுதி இப்படியே போய்விடும்.

கீழ்ப்பாக்கம்_தாத்தா

அம்மாடி, எல்லா வீட்டுக்காரரும் கொள்ளையடிக்கவில்லை. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் இருந்தால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண அடுக்கே மாறி எல்லோருக்கும் சேர்த்து எகிறும். ஆனாலும் 9 ரூபாய் ஜாஸ்திதான்.

மாம்பலம் வீட்டைப் பற்றி: மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்றால் மே மாதம் இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். ஏசி போடாமல் தூங்க முடியாது. பெட்ரூமில் 15 ஆம்பியர் ப்ளக் இருக்கிறதா, பழைய ஒயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார். மாடியில் வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க அசோசியேஷனிடம் கேட்கலாம். குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருகிறதா, குடிக்க கேன் தண்ணீரா என்றும் கேள். 2019 கோடையில் லாரிக்காகத் தெருவில் குடம் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஓஎம்ஆர்_ரவி

லாரித் தண்ணீர் பற்றிப் பேசினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் மெயின்டனன்ஸில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது.

மாம்பலம்_சேகர்

ரவி சார், இந்த இழையிலேயே இதுதான் நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த பதிவு.

பாளை_கார்த்தி

முடிவாகிவிட்டது. சூளைமேட்டில் மீட்டர் பாக்ஸ் என் தலைக்கு மேல் இருந்தது. இஸ்திரிக்காரர் தன் தொடையைத் தொட்டுக் காட்டினார். அத்தோடு விட்டுவிட்டேன்.

மாம்பலம் வீட்டு அம்மாவிடம் பேசினேன். வாடகை குறைக்கவில்லை. அட்வான்ஸ் ஆறிலிருந்து நாலு மாதமாக இறங்கினார்கள், முழுவதும் வங்கி வழியாகத்தான் தருவேன் என்றதற்குச் சரி என்றார்கள். பெயின்டிங் பிடித்தம் இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும் என்று எழுதியாகிவிட்டது. பதிவு பற்றிக் கேட்டதும் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனைக் கொடுத்துவிட்டார்கள், அவர் ஆன்லைனில் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெட்ரூமில் 15 ஆம்பியர் ப்ளக் இல்லை. ஒயர் இழுத்துத் தருவது அவர்கள் செலவு, ஏசி என் செலவு. அசைவம் விஷயத்தில் மட்டும் நகரவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பிரியாணிக் கடை இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன். ஒன்றாம் தேதி பால் காய்ச்சுகிறேன்.

பாலா_வழக்கறிஞர்

வாழ்த்துகள். உள்ளே போகும் அன்றைக்கே சுவர், குழாய், கதவு, ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். இபி மீட்டர் ரீடிங்கும் சேர்த்து.

குமரன்_வடபழனி

இழை முழுக்கப் படித்தேன். கார்த்தி, அந்தச் சூளைமேட்டு வீட்டு ஓனர் நம்பரைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, தரைத்தளம்தான் வேண்டும். தண்ணீர் வரும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதைச் சொல்லியே வாடகையைக் குறைக்கப் பார்க்கிறேன், நவம்பர், டிசம்பரில் அம்மா எப்படியும் தங்கை வீட்டுக்குத் திருச்சி போய்விடுவார்.